வெள்ளை நட்டு, கறுப்பு போல்ட்டு

கொடிமரத்தின் அடியில் மண்டியிட்டு நான் ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். தலையில் முக்காடு போட்டிருந்தேன், குனிந்திருந்தேன், உதடு கூட அசைந்தது. ஆனால் என் வலது கை ஒரு நட்டின் மேல் இருந்தது. அதை இரண்டு சுற்று கழற்றி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஐந்து, ஐந்தரை இருக்கும். பெருந்தொற்று ஓய்ந்த பிறகு ராயபுரத்தில் எங்கள் கோயிலில் நடந்த முதல் திருவிழா. இரண்டு வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் மொத்தமும் தெருவில் நின்றது. மல்லிகைப்பூ, மெழுகுவர்த்தி, புதுத்துணி வாசனை. அதற்கெல்லாம் மேலே கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கருவாட்டு வாசனை. கொடிப்பவனி தெருவைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பேண்டு சத்தம் கிட்டத்தில் கேட்டது.

நட்டு ஆடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், லொட லொடவென்று ஆடியது. என் கடையில் நான் கையால் எடுத்துக் கொடுத்த நட்டு அது.

நாற்பதடி இரும்புக் கம்பம் அதே மாதிரி எட்டு நட்டை நம்பித்தான் என் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

ஆறு பக்கம் எதற்கு?

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலில் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. என் பெயர் ஸ்டெல்லா. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நட்டு, போல்ட்டு, வாஷர் விற்கிறேன். அதற்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில், கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பதினோரு வருடம் அதையேதான் எடுத்துக் கொடுத்தேன். தொழிற்சாலையை மூடினார்கள். எனக்குத் தெரிந்தது நட்டு ஒன்றுதான் என்பதால் நட்டுக் கடை போட்டேன்.

மார்க்கெட்டில் சிரித்தார்கள். "பொம்பள போய் நட்டுக் கடை வச்சிகீது, அதுக்கே நட்டு கழண்டுகீதுபா" என்று எதிர்க்கடைக்காரர் டீக்கடையில் சொன்னது என் காதுக்கே வந்தது. ஆறு மாதம் கழித்து அவரே தன் கடை ஷட்டருக்கு என்னிடம் நட்டு வாங்கினார். அப்போது நான் சிரித்தேன், அவ்வளவுதான்.

சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "நட்டுக்கு ஏன் ஆறு பக்கம்? நாலு வைத்தால் என்ன, எட்டு வைத்தால் என்ன?" நல்ல கேள்வி. ஸ்டோர் ஜன்னலில் உட்கார்ந்த முதல் வாரம் நானும் அதைத்தான் கேட்டேன்.

நட்டு எப்போதும் சௌகரியமான இடத்தில் இருக்காது. சுவருக்கும் மோட்டாருக்கும் நடுவே, கை மட்டும் நுழைகிற சந்தில்தான் இருக்கும். ஸ்பேனரைப் போட்டு முழுச் சுற்று சுற்ற முடியாது. கொஞ்சம் திருப்பி, எடுத்து, மறுபடி போட்டுத் திருப்ப வேண்டும். நாலு பக்க நட்டு என்றால் ஒவ்வொரு முறையும் கால் சுற்று திருப்ப இடம் வேண்டும். ஆறு பக்கம் என்றால் அதில் குறைந்த இடம் போதும். எட்டு பக்கம் வைத்தால் இன்னும் குறைவான இடம் போதும். ஆனால் மூலை மழுங்கலாகி, ஸ்பேனர் வழுக்கி, உங்கள் விரல் முட்டி பெயரும். அதனால் ஆறு. யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நட்டுதான் பிடிக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இறுக்கும்போது போல்ட்டு ஒரு மயிரிழை நீளும். நீண்டது பழையபடி சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் இரண்டு இரும்பையும் சேர்த்துப் பிடிக்கிறது. நட்டின் வேலை, அந்த இழுப்பை விட்டுவிடாமல் வைத்திருப்பது. அதற்கு நட்டின் உள்ளே சுருளாக வெட்டியிருக்கும் மரையும் போல்ட்டின் மரையும் ஒன்றுக்குள் ஒன்று நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை என்றால் எவ்வளவு பெரிய நட்டாக இருந்தாலும் அது சும்மா ஒரு வளையம்.

போல்ட்டைக் கொண்டா

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. நட்டு வேண்டும் என்றால் போல்ட்டைக் கொண்டுவர வேண்டும். மேசை மேல் வைத்து, நானே கையால் திருகி, கடைசி வரை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன். காத்திவாக்கத்திலிருந்து படகு எஞ்சினுக்கு நட்டு வாங்க வருகிறவர்கள் வெறும் கையோடு வந்து திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனதுண்டு.

"இன்னாக்கா இவ்ளோ பேஜார் பண்ற, ஒரு நட்டுதானே?" என்பார்கள்.

"நடுக்கடல்ல கழண்டா எனக்குப் போன் பண்ணுவியா? போய் போல்ட்டை எட்தா" என்பேன்.

இந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு முறை மீறினேன். அதுவும் என் அண்ணனுக்காக.

என் அண்ணன் சேவியர் மாநகரப் பேருந்து ஓட்டிப் பணி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அவருக்கு ஓர் ஆசை இருந்தது: எங்கள் கோயில் திருவிழாவை ஒரு வருடமாவது எடுத்து நடத்த வேண்டும். ஒவ்வொரு வருடமும் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். தொற்றுக்குப் பிறகு வந்த அந்தத் திருவிழாவுக்கு அவர் கமிட்டித் தலைவர் ஆனார். திருவிழாவை நடத்துகிறவர்தான் கொடிக் கயிற்றை இழுக்க வேண்டும். அது எங்கள் கோயில் வழக்கம்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைக்கு வந்தார். கையில் ஒரு பழைய நட்டு. உப்புக்காற்றில் துருவேறி, ஸ்பேனர் பட்டுப் பட்டு ஆறு மூலையும் மழுங்கிப்போய், பார்க்கவே பாவமாக இருந்தது.

"கொடிமரத்து நட்டு ஸ்டெல்லா. எட்டும் இப்டிதான் கீது, கலீஜா. பெயிண்டெல்லாம் அட்ச்சு ஷோக்கா வச்சிகீறோம், கீழ பாத்தா இது. துரு புடிக்காத மாதிரி வெள்ளையா எட்டு குடு."

"போல்ட்டு எங்கண்ணே?"

அண்ணன் சிரித்தார். "போல்ட்டு காங்கிரீட்டுக்குள்ள கீது. ஒடச்சி இஸ்துகினு வரட்டா?"

நானும் சிரித்தேன். நியாயம்தானே. கொடிமரத்தின் நாலு போல்ட்டையும் பீடம் கட்டும்போதே கான்கிரீட்டில் புதைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நட்டு. கீழே இருப்பது பிடிக்கும், மேலே இருப்பது கீழ் நட்டு கழலாமல் பூட்டும். பழைய நட்டை மேசையிலிருந்த ஒரு கறுப்பு போல்ட்டில் போட்டு அளவு பார்த்தேன். இருபத்து நாலு எம்எம். அதே அளவில் வெள்ளை நட்டு எட்டு எடுத்துப் பையில் போட்டேன். பழையது என் மேசையிலேயே நின்றுவிட்டது. திருவிழாவுக்கு எந்த பேண்டு வருகிறது, யார் யாருக்கு என்ன புடவை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளை நட்டை அதே போல்ட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால், இந்த வாரம் எழுத எனக்கு வேறு கதை தேட வேண்டியிருந்திருக்கும்.

வெள்ளை நட்டு என்று நாங்கள் சொல்வது, வெள்ளை போல்ட்டோடு சேர்ந்து வாழ வேண்டிய நட்டு. துருப்பிடிக்காமல் இருக்க போல்ட்டை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். அதன் மேல் வெள்ளையாக ஒரு தோல் ஏறும். மரை மேலும் அந்தத் தோல் ஏறுவதால் போல்ட்டு கொஞ்சம் பருத்துவிடும். பருத்த போல்ட்டில் ஏற வேண்டும் என்பதற்காக அதன் நட்டுக்கு மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுவார்கள். அதை எடுத்துக் கொடிமரத்தில் இருப்பது போன்ற, துத்தநாகம் ஏறாத சாதாரணக் கறுப்பு போல்ட்டில் போட்டால், அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட கதைதான். உள்ளே போகும், நிற்காது.

கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கே உரிய தப்பு இது. எங்களுக்குத் துருதான் எதிரி. வெள்ளை என்றால் நல்லது என்று எங்கள் சனத்தின் மனதில் பதிந்துபோயிருக்கிறது. போல்ட்டைப் பிடுங்க முடியாத இடத்தில் நட்டை மட்டும் வெள்ளையாக மாற்றுவார்கள். இதை நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள். சொல்லிக்கொண்டே என் அண்ணனுக்குக் கொடுத்தேன்.

வெண்ணெ மாதிரி

திருவிழா அன்றைக்கு சாயங்காலம் கோயிலுக்குள் நுழைந்ததும் அண்ணன் ஓடிவந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மார்பில் கமிட்டி பேட்ஜ். அவரை அவ்வளவு சந்தோஷமாக அவர் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"ஸ்டெல்லா, நேத்து நட்ட நானே மாட்டிட்டேன். இன்னா நட்டு குட்த போ! வெண்ணெ மாதிரி போச்சு. ஸ்பேனரு கடைசியிலதான் தேவப்பட்ச்சு. எந் தங்கச்சி கடை நட்டுன்னு ஃபாதருக்கிட்டயே சொல்லிகீறேன்."

வெண்ணெய் மாதிரி. அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. எத்தனையோ வருடம் உப்புக்காற்று தின்ற போல்ட்டு. என்னதான் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தாலும், சரியான நட்டு அதில் கொஞ்சமாவது முரண்டு பிடித்துத்தான் ஏறும். அது வெண்ணெய் மாதிரி போகாது. போயிருக்கக் கூடாது.

நேராகப் போய் மண்டியிட்டேன். மேல் நட்டை அவர் கையால்தான் இறுக்கியிருந்தார், அதனால் எனக்கும் கையாலேயே வந்தது. இரண்டு சுற்று கழற்றினேன். ஆடியது. மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த மூன்று நிமிடம்

இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது இனிமேல்தான் வருகிறது.

எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன். உடனே கத்தினேன் என்று எழுதத்தான் ஆசை. நான் கத்தவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றுகொண்டேன்.

மனசு ஓடிய ஓட்டத்தை அப்படியே சொல்கிறேன். நேற்றிலிருந்து நிற்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் நிற்காதா? கொடி ஏறட்டும், சனம் கலையட்டும், நாளைக்குக் காலையில் கறுப்பு நட்டு எட்டு எடுத்து வந்து சத்தம் காட்டாமல் மாற்றிவிடுவோம். அண்ணனுக்கும் தெரிய வேண்டாம், மார்க்கெட்டுக்கும் தெரிய வேண்டாம். கடை திறந்து மூன்றாவது வருடம். "கோயில் கொடிமரத்துக்கே தப்பு நட்டு குட்தவ" என்று ஒரு பேச்சு கிளம்பினால் அதற்கப்புறம் நான் யாரிடம் போய் போல்ட்டைக் கொண்டா என்று சொல்வது?

பவனி வந்து சேர்ந்தது. ஃபாதர் கொடியை மந்திரித்தார். பெரிய கொடி, பட்டுத்துணி, நாலு பேர் விரித்துப் பிடித்திருந்தார்கள். கடல்காற்று வலுக்கிற நேரம். கொடி அவர்கள் கையிலேயே படபடவென்று அடித்துக்கொண்டது.

அண்ணன் முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றினார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பத்துக்கு நேர் கீழே நின்றார். அப்புறம் தலையைத் திருப்பி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். கயிற்றைச் சட்டென்று இழுக்கவில்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, கயித்த விட்ரு!"

பேண்டு நின்றது. ஃபாதர் திரும்பிப் பார்த்தார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், மைக் வைத்திருந்தவரிடமிருந்து அதைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நான் ஸ்டெல்லா, சேவியரு தங்கச்சி. இந்தக் கம்பத்துக்கு நட்டு நான்தான் குட்தேன். தப்பு நட்டு குட்துட்டேன். எங்க அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாரும் பின்னால போங்க, அந்த மளிகைக் கடை வரைக்கும் போங்க."

எங்கள் சனம் லேசில் நகராது. "இன்னாமே, நேத்துலேர்ந்து நிக்குதுல்ல?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பேச்சால் ஆகாது என்று தெரிந்தது. நாலு பேரை மட்டும் கம்பத்தின் உச்சியிலிருந்து நாலு பக்கமும் தொங்கிய துணைக் கயிறுகளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்பேனரைக் கேட்டு வாங்கினேன். ஒரு போல்ட்டின் மேல் நட்டைக் கழற்றி, கீழ் நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். இறுகியது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். டக் என்று ஒரு சத்தம், நட்டின் மரை அறுந்தது. அதற்கப்புறம் நட்டு சும்மா சுற்றியது. ஸ்பேனரை வைத்துவிட்டு விரலால் சுற்றிக் காட்டினேன்.

சனம் மளிகைக் கடையைத் தாண்டிப் போய் நின்றது.

ஏழு நட்டு

இப்போது நட்டு வேண்டும். என் கடை இருப்பது சாத்தாங்காட்டில். அந்த நேரத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நிற்கும். போய் வர இரண்டு மணி நேரம் ஆகும்.

"பழைய நட்ட இன்னா பண்ணே?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"காயலாங்கடையில போட்டேன். கரீம் பாயாண்ட."

கரீம் பாய் கடை அடுத்த தெருவில். நான் புடவையைச் சொருகிக்கொண்டு ஓடினேன், பின்னால் அண்ணன் வெறுங்காலோடு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புக் குவியலுக்குள் இறங்கிவிட்டார்.

"பயப்டாத சேவியரு, இன்னும் லோடு ஏறல. கோயில் சாமானுன்னு தெரிஞ்சிதான் தனியா ஒரு டப்பால போட்டேன். எந்த டப்பான்னுதான் தெர்ல."

ஐந்தாவது டப்பாவில் இருந்தது. ஏழு. எட்டாவது என் கடை மேசையில் உட்கார்ந்திருந்தது. மூலை மழுங்கின நட்டுக்கு ஸ்பேனர் நிற்காது என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே பாய் ஒரு பெரிய பைப் ரிஞ்சையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்தார்.

ஃபாதர் என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார்.

"ஒரு ஜெபமாலை நேரம் குடுங்க ஃபாதர்."

அவர் மைக்கில் ஜெபமாலை தொடங்கினார். தெரு முழுக்க அருள்நிறை மரியே என்று முனகிக்கொண்டிருக்க, நானும் அண்ணனும் கரீம் பாயும் ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பழையதை ஏற்றினோம். ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டு மட்டும். பழைய நட்டு முரண்டு பிடித்தது, கிரீச்சென்று கத்தியது, ஏறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு போல்ட்டுக்கும் கீழ் நட்டு, மூன்றுக்குப் பூட்டு நட்டு. நாலாவது போல்ட்டு மட்டும் அன்றைக்கு ஒற்றை நட்டோடு நின்றது.

ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் நாலாவது முடிவதற்குள் வேலை முடிந்தது. ஐந்தாவதை நாங்களும் சேர்ந்து சொன்னோம், கையெல்லாம் துருவும் மண்ணெண்ணெயுமாக. அண்ணனின் வெள்ளைச் சட்டை பாழாகிப் போயிருந்தது. அதோடுதான் கயிற்றை இழுத்தார். கொடி ஏறியது.

மறுநாள் சரியான கறுப்பு நட்டு எட்டு கொண்டுபோய், போல்ட்டில் ஓட்டிப் பார்த்து மாட்டி, மேலே கிரீஸ் தடவி மூடினேன். என் கடைப் பெயர் கெட்டதா என்று கேட்டால், இல்லை. "அந்தம்மா தப்புன்னா மைக்ல சொல்லும்" என்று மார்க்கெட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. வியாபாரம் கூடத்தான் செய்தது. அந்த எட்டாவது பழைய நட்டு இன்றைக்கும் என் மேசையில்தான் இருக்கிறது.

ஆனால் எனக்குள் அந்த மூன்று நிமிடம் இருந்துகொண்டே இருந்தது. ஓடிவந்து காப்பாற்றினாள் என்று எல்லாரும் சொல்லும்போது கூச்சமாக இருக்கும். நான் உடனே ஓடிவரவில்லையே.

படித்துக் காட்டினேன்

இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய் அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டார். மூன்று நிமிடப் பகுதி வந்ததும் வேகமாகப் படித்தேன். படித்து முடித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டேன்.

"இது எனக்குத் தெரியுமே" என்றார்.

"எது?"

"நீ நட்டுல கை வச்சிகினு எய்ந்தப்பவே ஒன் மூஞ்சப் பாத்துட்டேன். ஏதோ தப்புன்னு தெரிஞ்சிபோச்சு. நீ போய் கும்பல்ல நின்ன. சரி, இப்ப சொல்லும், அப்பால சொல்லும்னு கயித்தப் புட்ச்சிகினு நின்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி என்னைப் பார்த்தது, தங்கச்சி தன் பெருமையைப் பார்க்கட்டும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"நான் சொல்லாமலே நின்னுருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

அண்ணன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"இஸ்துருப்பேன். நீ ஒண்ணும் சொல்லலன்னா சரியாதான் கீதுன்னு அர்த்தம்" என்றார்.